முன்னால நின்னவுக

"இந்த வருஷம் அவன் கையை உடைச்சிட்டுத்தான் வெளிய வருவேன், சாமி."

சொன்னவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தைந்து. சந்தைப்பேட்டையில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆள் குட்டை. ஆனால் தோள் இரண்டும் திண்டு போல இருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் செருப்புச்சாமி. வயது முப்பத்திரண்டு. பாறைக்கோவில் வாசலில் உட்கார்ந்து பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர்.

குருவுக்குத் தலை கருகருவென்று இருக்கும். சீடருக்கு மீசைகூட நரைத்துவிட்டது. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையப்பனின் புதுச்செருப்பு இதே வாசலில் காணாமல் போனது. அரை மணி நேரம் நின்று கத்தினார். செருப்புச்சாமி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கத்தி முடித்ததும் தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் அதை மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தார். பதினோராவது அடி வைக்க முடியவில்லை. திரும்பி வந்தவர், அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்.

"யாரு கையை, அண்ணாச்சி?" என்று கேட்டார் செருப்புச்சாமி.

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன நிக்குதேன்? அவன் வீட்டு வாசல்ல போயி நிப்பேன்ல."

மாசி மகம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்து கோவில் மண்டபம் வரை தலைதான் தெரிந்தது.

பாறைக்கோவில் முருகனுக்கு வருஷம் முழுக்க வெள்ளிக் கவசம். மாசி மகத்தன்று உச்சிக்காலத்தில் மட்டும் அதைக் களைவார்கள். உள்ளே இருக்கிற கல் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கலாம். அதுவும் ஒரு கட்டிச் சூடம் எரிந்து அணைகிற வரை. அணைந்ததும் திரையைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அடுத்த மாசிதான்.

"எங்க வீட்டுல கண்ணு நரம்பு பட்டுக்கிட்டு வருது சாமி," என்றார் ஆவுடையப்பன். குரல் கொஞ்சம் இறங்கியது. "பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. நேரா ஒரு வளையல் வட்டத்துக்குத்தான் தெரியுது. அதுவும் ஆடி தாண்டாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு."

செருப்புச்சாமி கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமாக் கூட்டிட்டு வாரேன். கண்ணு இருக்கையிலேயே அந்த முகத்தை ஒரு தடவ பாத்துக்கிடணும்னு அவளுக்கு ஆசை. வேற எதுவும் கேக்க மாட்டா. ஒவ்வொரு வருஷமும் வெளிய வந்ததும் 'பாத்தியா'ன்னு கேப்பேன். 'பாத்தேன்'னு சொல்லுவா. போன வாரம்தான் வாயைத் திறந்தா. மூணு வருஷமும் பாக்கலியாம்."

"ஏனாம்?"

"எவனோ மறைச்சிருக்கான். திரை திறக்கவும் கையைத் தலைக்கு மேல தூக்கியிருக்கான். மூணு வருஷமும் அதே பய."

"அந்தம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் யோசித்துச் சொன்னார்.

"'முன்னால நின்னவுக கையைத் தூக்கிட்டாக. எனக்கு மறைச்சிட்டு. பாவம், அவுகளுக்குப் பரவசம்'னா."

"வேற?"

"வேற என்னத்தச் சொன்னா. யாருன்னு கேட்டேன், விடுங்கன்னுட்டா. அந்தப் பயலுக்கு அவுகளாம், நின்னவுகளாம். இந்த மரியாதை ஒண்ணுதான் கேடு."

செருப்புச்சாமி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 

பக்கத்தில் பூக்கட்டுகிறவளின் வாளியில் வாழை நார் ஊறிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு இழை உருவினார்.

"கையைக் காட்டுங்க அண்ணாச்சி."

திருநீறு தரப்போகிறார் என்று நினைத்து ஆவுடையப்பன் இரண்டு கையையும் நீட்டினார்.

செருப்புச்சாமி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். மீதி நாரைக் கீழே இறக்கி, ஆவுடையப்பனின் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். கை தொப்புளுக்கு மேல் எழும்பாது.

"என்ன சாமி இது? நான் அடிச்சிருவேன்னு பயமா?"

"ரெண்டு இழை நாரு. நீங்க மூட்டை தூக்குற ஆளு. ஒரு இழுப்புக்குத் தாங்காது. அறுக்காமக் கொண்டு வாங்க."

"அவனைப் பாத்துட்டேன்னா?"

"பாத்துட்டா அறுத்துக்கிடுங்க," என்றார் செருப்புச்சாமி.

அது போதும் என்று பட்டது ஆவுடையப்பனுக்கு.

குளத்தில் கால் கழுவிவிட்டு மனைவி செண்பகவடிவு வந்து சேர்ந்தாள். அவரைவிட ஒரு சாண் உயரம். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது மாப்பிள்ளைக்கு முக்காலி போட்டார்களாம். அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். நேரே பார்த்தபடி மெல்ல நடந்து வந்தவள், கிட்டத்தில் வந்த பிறகுதான் கட்டைப் பார்த்தாள்.

"என்னதுங்க இது?"

"சாமி கெட்டிவிட்டாரு."

அவள் மேலே கேட்கவில்லை. எப்போதும் போல அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் போல அவர் முன்னால் போனார்.

கை இல்லாமல் கூட்டத்தில் நடக்க ஆவுடையப்பனுக்குத் தெரியாது.

அவருடைய வழி தனி. முழங்கையை இரண்டு பக்கமும் விரித்து, தலையைத் தாழ்த்தி, மூட்டைக்குள் கொக்கியைப் போடுகிற மாதிரி இறங்குவார். பிளந்துகொண்டு போகும் கூட்டம். திட்டுவார்கள். திட்டு முதுகுக்குப் பின்னால்தானே விழும். அவருடைய முழங்கையை நம்பித்தான் மூன்று வருஷமும் வடிவு முன்னால் வந்து சேர்ந்தாள்.

இன்றைக்கு முழங்கை எழும்பவில்லை. மண்டபத்து வாசல் தூணோடு நின்றுவிட்டார்.

முன்னால் பத்திருபது வரிசை. தலைகள், முடிச்சிட்ட கொண்டைகள், தோளில் ஏற்றிய பிள்ளைகள். ஒருவர் தலையில் தேங்காய் பழத் தாம்பாளம்.

"தாம்பாளத்தை இறக்குய்யா, மறைக்குல்ல."

"குனிங்கப்பா முன்னால."

"உக்காரச் சொல்லுங்க எல்லாத்தையும்."

யாரும் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை.

உள்ளே மேளம் மாறியது. கவசம் களைய ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பின்னாலிருந்து கூட்டம் ஒரே நெட்டாக நெட்டியது. ஆவுடையப்பன் தடுமாறினார். இடுப்புத் துண்டில் இருந்த பிடி விட்டுப்போனது.

"வடிவு."

பதில் இல்லை.

கையை நீட்டித் தேட முடியாது. திரும்பவும் முடியவில்லை. பயந்துவிட்டார். கீழே விழுந்தால் இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். நாரை அறுத்துவிடலாம் என்று மணிக்கட்டை முறுக்கினார்.

"வடிவு."

"இருக்கேங்க." துண்டு மறுபடி இழுபட்டது. "இங்கனதான் இருக்கேன்."

முறுக்கியதை விட்டார். வியர்த்து ஊற்றியது.

இப்படியே நின்றால் இந்த வருஷமும் போச்சு. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

முன்னால் நின்ற தாம்பாளக்காரரின் முதுகைப் பார்த்தார். இடித்துத் தள்ளியே பழகிய ஆளுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 

"ஐயா," என்றார். அவர் குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது. "கொஞ்சம் வழி கிடைக்குமா? வீட்டம்மாவுக்குக் கண்ணு போகுது. இந்த வருஷம் விட்டா பாக்க முடியாது."

தாம்பாளக்காரர் திரும்பினார். திட்டத்தான் வாயைத் திறந்தார். கட்டிய கை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"வேண்டுதலா அண்ணாச்சி?"



அவர் பதிலுக்குக் காத்திராமல் தாம்பாளத்தைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார்.

"ஏப்பா, கை கெட்டி வாராக. பின்னால அம்மாவுக்குக் கண்ணு சுகமில்ல. வழி விடுங்க."

வழி விட்டார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து ஒதுங்கினார், அவரைப் பார்த்து அடுத்தவர் ஒதுங்கினார். ஒரு பெண் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினாள். ஆவுடையப்பன் தலை குனிந்து நடந்தார். இருபத்தைந்து வருஷமாக இந்தக் கோவிலுக்கு வருகிறார். யார் காலையும் மிதிக்காமல் உள்ளே போனது அன்றைக்குத்தான்.

இவ்வளவு சுலபமா இது என்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

முன்னால் கயிறு வந்தது. சன்னிதிக்கு முன்னால் குறுக்கே கட்டியிருக்கும் தேங்காய் நார்க் கயிறு. அதற்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது.

வயிறு கயிற்றில் படும்படி நின்றார். வடிவு அவர் முதுகை ஒட்டி நின்றாள். அவள் பார்வை அவர் தலைக்கு மேலே போகும். அவருடைய குட்டை உயரம் உதவியாக இருந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

இனி அந்தப் பயலைத் தேட வேண்டும்.

இடது பக்கம் பார்த்தார். ஒரு கிழவர், கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் இரண்டு பெண்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் கனமான ஆள் ஒருவன், கையில் மஞ்சள் காப்பு. இவனாக இருக்குமோ. இவன் குறுக்கே பாய்ந்தால் நாரை அறுத்துக்கொண்டு பிடித்துவிட வேண்டும். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார்.

போன வருஷம் இவன் இங்கே நின்றானா?

யோசித்துப் பார்த்தார். போன வருஷமும் இதே கயிறுதான். அதற்கு முந்தின வருஷமும் இதே கயிறு, வயிற்றில் அழுந்தியது ஞாபகம் இருக்கிறது. யாராவது குறுக்கே வந்திருந்தால் அவருக்கும் மறைத்திருக்குமே. அவருக்கு ஏன் மறைக்கவில்லை?

அந்தக் கேள்வி எங்கோ தட்டியது. அவர் அதைப் பிடிப்பதற்குள் உள்ளே மணி அடித்தது.

மண்டபம் பேச்சை நிறுத்திக்கொண்டது. திரைக்குப் பின்னால் சூடத்தின் வெளிச்சம் ஏறுவது தெரிந்தது.

முதுகில் வடிவின் மூச்சு பட்டது. 

திரை விலகியது.

"அரோகரா."

ஆயிரம் தொண்டை ஒன்றாகக் கத்தியது. ஆவுடையப்பனின் கைகள் அவரைக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக எப்படிக் கிளம்புமோ அப்படிக் கிளம்பின, தலைக்கு மேலே போகவேண்டும் என்று. அரைஞாண் இழுத்தது. நாரில் ஒரு இழை பட்டென்று அறுந்தது.

இன்னும் ஒரு இழை. இன்னும் ஒரு இழுப்பு.

கைகள் பாதியில் நின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார்.

கயிற்றைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. மூன்று வருஷமும் யாரும் இருந்ததில்லை.

முன்னால நின்னவுக.

முப்பது வருஷமாக வடிவு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்காரரிடமும், அக்காவிடமும், டாக்டரிடமும் அவள் சொல்வது ஒரே வார்த்தைதான். அவுக வந்துட்டாக. அவுக சாப்பிட்டுட்டாக. அவுகளுக்குப் பரவசம்.

ஆவுடையப்பனுக்கு உடம்பு கூசிப்போனது. மூன்று வருஷமும் வெளியே வந்து, ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா பாத்தியா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. பாத்தேன் என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது.

கைகளை இறக்கினார். வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டார். முழங்காலை மடக்கி, இருக்கிற உயரத்தில் இன்னும் ஒரு சாண் குறைந்தார்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அவர் பயந்துபோய்த் திரும்பினார்.

வடிவின் இரண்டு கண்ணிலும் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"தெரியுதுங்க," என்றாள். மிக மெல்லச் சொன்னாள். "எனக்குத் தெரியுது."

ஆவுடையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒருமுறை திறக்கிற முகம் இருந்தது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணில் இருந்த வெளிச்சம் சுருங்கி, ஆடி, அணைந்தது.

திரையைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வரும் வழியில்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. வருஷா வருஷம் முதுகுக்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல் கத்தும். ஏ குட்டை, கையை இறக்குய்யா. கூட்டத்தில் குட்டைக்கா பஞ்சம் என்று அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரு வருஷம் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டே, "அதானே, கையை இறக்குங்கப்பா" என்று அவரும் சேர்ந்து கத்தியிருக்கிறார்.

இன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை.

வாசலில் செருப்புச்சாமி செருப்புகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

வடிவு படிக்கட்டில் உட்கார்ந்தாள். முகம் கழுவி வந்தவள் போல இருந்தாள். "சின்ன முகம்ங்க," என்றாள். "வெள்ளிக்குள்ள பெரிசாத் தெரியும்ல, அப்படி இல்ல. இடது கன்னத்துல கல்லு கொஞ்சம் பெயர்ந்திருக்கு. தழும்பு மாதிரி. நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே."

"எனக்குத் தெரியாது," என்றார் ஆவுடையப்பன். "நான் கண்ணை மூடிக்கிடுவேன்."

வடிவு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

செருப்புச்சாமி நிமிர்ந்தார்.

"ஆளு கிடைச்சானா, அண்ணாச்சி?"

  கட்டிய கையை அப்படியே காட்டினார் ஆவுடையப்பன். ஒரு இழை அறுந்து தொங்கியது. இன்னொரு இழை இருந்தது.

செருப்புச்சாமி பூக்காரியின் கத்தரியை எடுத்தார்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை. முகம் பூரித்துக் கிடந்தது.

"என் செருப்பை எடுப்பா," என்றார். கரகரத்த குரல்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டு வருஷமா வாரேன் தம்பி. இன்னைக்குத்தான் பாத்தேன்," என்றார் அவர், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே. "கயித்தோரம் ஒரு குட்டையான மனுஷன் வந்து நிப்பாரு. திரை திறக்கவும் கை ரெண்டும் கோபுரம் மாதிரி மேல போயிரும். கத்தாத கத்து கத்தியிருக்கேன். காதே கேக்காது. இந்த வருஷம் ஆளைக் காணோம். உடம்புக்கு ஏதும் முடியலையோ என்னமோ. எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

செருப்புச்சாமி கத்தரியை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

அந்த ஆள் ஆவுடையப்பனின் பக்கம் திரும்பினார். கட்டிய கையைப் பார்த்ததும் குரலில் மரியாதை கூடியது.

"நீங்களும் கயித்தோரந்தான் நின்னீக போல. அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"நானும் அவரைத் தேடித்தான் வந்தேன்," என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்குத்தான் பாத்தேன்."